டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் பஸ் டூர்: சாம்பாருக்கு ஐந்து நட்சத்திரம், செங்கோட்டைக்கு வெளியிலிருந்து கும்பிடு

அம்மாவுக்கு எழுபது வயது முடிந்ததும் தாஜ்மஹாலைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை வந்தது, வந்ததிலிருந்து காலண்டரில் தாஜ்மஹால் படம் வந்தால்கூடக் கிழிக்காமல் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். சரி, இந்தி தெரியாத நான், முட்டிவலிக்காரரான அம்மா, இரண்டு பேரும் தனியாகப் போய் ஆட்டோக்காரர்களிடம் மல்லுக்கட்டுவதைவிட நம்ம ஊர்க்காரர்கள் நடத்தும் டூரில் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். பெயர் சொல்லப் போவதில்லை. இது ஒரு கம்பெனியின் குணம் மட்டும் இல்லை, எங்களுடன் வந்தவர்களில் பாதிப் பேர் வேறு வேறு டூரில் போய் வந்தவர்கள், கதை எல்லாம் ஒன்றுதான் என்றார்கள்.

ஆளுக்கு 27,500 ரூபாய். வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் ரயில் ஏறி ஞாயிறு காலை டெல்லி, அங்கிருந்து ஐந்து நாள் பஸ், அடுத்த வெள்ளி இரவு திரும்பவும் டெல்லியில் ரயில். முப்பத்தாறு பேர். ரயில் ஸ்லீப்பர் இல்லை, மூன்றடுக்கு ஏசி. அறைகள் சுமாராக இருக்கும் என்று நினைத்துப் போனதால் ஏமாற்றம் இல்லை. ஆக்ராவில் மட்டும் வெந்நீர் வரவில்லை, பிப்ரவரி ஆக்ராவில் அது சின்ன விஷயம் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு. ஒரு மாஸ்டரும் இரண்டு பையன்களும் தனி வேனில் அடுப்பு, சிலிண்டர், அண்டா சகிதம் எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுவார்கள். நாங்கள் ஓட்டலுக்குப் போய் இறங்கும்போது பின்பக்கத்து முற்றத்தில் தாளிக்கும் வாசனை வரும். ஜெய்ப்பூரில் வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டார்கள், பக்கத்து அறை ராஜஸ்தானிக் குடும்பம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கிண்ணம் வாங்கிப் போனது. டெல்லியிலிருந்து ஆக்ரா போகும் யமுனா எக்ஸ்பிரஸ் சாலையில் வண்டியை ஓரங்கட்டி, புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொடிமாஸும் பாக்குமட்டைத் தட்டில். அம்மாவுக்கு இரவு இட்லி இல்லை என்றால் சரிப்படாது என்று இரண்டாம் நாள் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அன்றிலிருந்து முப்பத்தாறு பேர் என்ன சாப்பிட்டாலும் அம்மாவுக்கு மட்டும் மூன்று இட்லி தனியாக வந்தது. மாஸ்டரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

குறை எல்லாம் மாஸ்டர் கையில் இல்லாத பகுதியில்தான். போனில் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தேன், கணக்குப் பார்க்கிற புத்தி. ஐந்து நாளில் நினைவுச்சின்னங்களுக்கு உள்ளே நாங்கள் நின்றது மொத்தம் 7 மணி நேரம். 'சும்மா பாருங்க, வாங்கணும்னு கட்டாயமில்லை' என்று கூட்டிப்போன கடைகளில் இருந்தது 3 மணி 40 நிமிடம். மிச்சமெல்லாம் பஸ்.

ஞாயிற்றுக்கிழமை குதுப் மினார். ஐம்பது நிமிடம் கொடுத்தார்கள், அதில் பத்து நிமிடம் டிக்கெட் வரிசைக்கே போனது. 72.5 மீட்டர் உயரம் என்பதைப் படத்தில் பார்த்தால் தெரியாது, அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து சொல்லும். உள்ளே 379 படி, ஆனால் ஏற முடியாது. 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து நெரிசலில் 45 பேர், பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், இறந்த பிறகு பூட்டியது பூட்டியதுதான். இதை எங்கள் டூர் மேனேஜர் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒரு பெரியவர், எழுபதுகளில் படிக்கும்போது மேலே ஏறியவராம், அவர் சொன்னார். மேனேஜர் சொன்னது, 'இங்க போட்டோ எடுத்துக்கோங்க, பதினொண்ணே காலுக்கு வண்டி.'

அந்த வளாகத்தில் இருக்கும் இரும்புத்தூணுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக்கூட இல்லை. ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆறு டன், குப்தர் காலத்துச் சரக்கு. சுமார் 1,600 வருடமாக வெயிலிலும் மழையிலும் நின்றும் துரு அரித்துத் தின்னவில்லை. ஏன் என்று கான்பூர் ஐஐடியில் இருந்த உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் வருடக்கணக்கில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துக் கொல்லர்கள் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது மேலே மெல்லிசாக ஒரு படலம் கட்டி, அந்தப் படலமே இரும்புக்குச் சட்டை மாதிரி ஆகிவிட்டது. இதை அம்மாவிடம் சொன்னேன். 'நம்ம வீட்டு தோசைக்கல்லு மாதிரியா?' என்றார். படலம் வேறு, ஆனால் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வரவில்லை. தூணைப் பின்பக்கமாகக் கட்டிப்பிடித்து இரண்டு கையும் சேர்ந்தால் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை இருந்ததாம், பிடித்துப் பிடித்துத் தேய்த்துவிட்டார்கள், இப்போது சுற்றிலும் கம்பிவேலி.

ஹுமாயூன் சமாதிக்கு 35 நிமிடம். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. இதைப் பார்த்த பிறகு தாஜ்மஹாலைப் பார்த்தால், தாஜ் எங்கிருந்து வந்தது என்று புரியும் என்பார்கள், எங்களுக்குப் படிக்கட்டு ஏறி இறங்கவே நேரம் சரியாக இருந்தது, அம்மா ஏறவே இல்லை, கீழே தோட்டத்தில் உட்கார்ந்து அணில்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கைவினைப் பொருள் கடையில் 45 நிமிடம்.

திங்கட்கிழமை. இங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. அச்சடித்த பயணத் திட்டத்தில் இரண்டாம் நாள், செங்கோட்டை, மாலை அக்ஷர்தாம் கோயில். ஊரில் இருந்து கிளம்பும்போது எனக்கும் உறைக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். செங்கோட்டைக்கும் திங்கள் விடுமுறை, அக்ஷர்தாமுக்கும் திங்கள் விடுமுறை. வாரா வாரம் இந்த டூரை ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? லாகூர் வாசலுக்கு எதிரே ரோட்டோரம் பஸ்ஸை நிறுத்தி, 'இன்னைக்கு லீவாம் சார், வெளியில இருந்தே நல்லாத் தெரியும்' என்றார் மேனேஜர். நல்லாத்தான் தெரிந்தது, ஆகஸ்ட் 15 அன்று டிவியில் பார்த்த அதே மதில். ஷாஜகான் தலைநகரை ஆக்ராவிலிருந்து இங்கே மாற்றக் கட்டிய கோட்டை, 1639இல் தொடங்கி 1648இல் முடித்தது. 1739இல் நாதிர் ஷா மயிலாசனத்தைத் தூக்கிப்போன திவானிகாஸ் மண்டபம் அந்த மதிலுக்கு உள்ளேதான் இருக்கிறது, நாங்கள் மதிலுக்கு வெளியே ஒரு கரும்புச்சாறு வண்டிப் பக்கத்தில் நின்றோம்.

'ஞாயித்துக்கிழமையே இதை வச்சிருக்கலாமே தம்பி, குதுப் மினாரை இன்னைக்குப் பார்த்திருக்கலாமே' என்று கேட்டேன். 'ரூட் அப்படித்தான் சார் போட்டிருக்காங்க' என்றார். மேலே யாரோ போடுகிறார்கள், கீழே இவர் திட்டு வாங்குகிறார், பையனுக்கு இருபத்தாறு வயதுகூட இருக்காது, அதற்கு மேல் அவரிடம் என்ன பேச? ஆனால் சென்னை ஆபீசுக்குப் போன் போட்டேன். 'திட்டத்தில் பார்வையிடல் என்றுதான் போட்டிருக்கிறோம், உள்ளே என்று போடவில்லை' என்றார்கள். எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். குதுப் மினாருக்கு 'நுழைவு', செங்கோட்டைக்குப் 'பார்வையிடல்'. வக்கீல் வைத்து எழுதியிருப்பார்கள் போல.

செவ்வாய்க்கிழமை மதியம் தாஜ்மஹால். இதற்காகத்தான் வந்தது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கிழக்கு வாசல் பக்கம் பஸ்ஸை ரொம்பத் தள்ளி நிறுத்திவிட வேண்டும், அங்கிருந்து பேட்டரி வண்டி, புகையால் பளிங்கு மஞ்சளாகிறது என்பதால் இந்த ஏற்பாடு. முட்டிவலிக்காரர்களுக்கு இது வசதிதான். பையைச் சோதிக்கிறார்கள், முறுக்கு, கடலை மிட்டாய் எல்லாம் வெளியே வைத்துவிட வேண்டும். எங்கள் குரூப்பில் ஒரு அக்கா ஒரு பை அதிரசத்தைக் காவலுக்கு நின்ற பெண்ணிடமே கொடுத்துவிட்டு வந்தார்.

டிக்கெட் விஷயம் கவனியுங்கள். நம் நாட்டவர்க்கு 50 ரூபாய், அது தோட்டம், மேடை வரைக்கும். சமாதிக்கு உள்ளே போக இன்னும் 200. 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று டூர்க்காரர்கள் சொன்னது அந்த 50 ரூபாய்தான். விவரம் தெரியாத இருபது பேருக்கு மேல் மேடைக்குக் கீழேயே நின்று படம் எடுத்துத் திரும்பிவிட்டார்கள், 1,500 மைல் தாண்டி வந்து. நான் முன்னாடியே படித்து வைத்திருந்ததால் கவுன்ட்டரில் கேட்டு இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கினேன்.

பெரிய வாசல் வளைவுக்குள் நுழையும்போது தாஜ் அந்த வளைவில் அடைந்து நிற்கும், நாம் முன்னால் போகப் போக அது சின்னதாகிப் பின்னால் போகிற மாதிரி இருக்கும். கண்ணைக் கட்டுகிற வித்தை. அம்மா அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்த கூட்டம் இடிக்கிறது, நகரவில்லை. 'காலண்டர்ல இருக்கறது பொய்யில்லடா' என்றார்.

உள்ளே இருட்டு. வெளியே அத்தனை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போனால் முதலில் ஒன்றும் தெரியாது, விசில் சத்தம் மட்டும் கேட்கும், யாராவது போனை எடுத்தால் காவலர் ஊதுகிறார். சல்லடை மாதிரிக் குடைந்த பளிங்குத் தட்டிக்குள் இரண்டு சமாதி. நடு மையத்தில் மும்தாஜ். பக்கத்தில் கொஞ்சம் உயரமாக ஷாஜகான், பின்னால் வந்து சேர்ந்தவர், அந்தக் கட்டடம் முழுக்க இடமும் வலமும் பிசகாமல் ஒன்றாக இருக்க, அவர் ஒருவர்தான் கணக்கில் சேராதவர். இரண்டுமே மேலுக்கு வைத்தவை, நிஜக் கல்லறைகள் கீழே நிலவறையில். அங்கே யாரோ ஒரு குழுவோடு வந்த வழிகாட்டி சின்ன டார்ச்சைத் தட்டியில் பதித்த பூவின் மேல் வைத்தார். அதுவரை காய்ந்த குங்குமம் மாதிரி இருந்த இதழ் உள்ளேயிருந்து எரிகிற மாதிரி ஆனது. கார்னீலியன் கல், வெளிச்சத்தை விடுமாம். டார்ச்சை எடுத்ததும் திரும்பவும் குங்குமம். அந்தப் பத்து வினாடிக்கு 200 ரூபாய் தகும்.

மும்தாஜ் 1631இல் பதினான்காவது பிரசவத்தில் இறந்தார் என்று வெளியே வந்து சொன்னேன். அம்மா படியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே, 'பதினாலா? அதுக்குப் பதிலா அவளைச் சும்மா விட்டிருக்கலாம்' என்றார். தாஜ்மஹாலைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் பதில் சொல்ல முடியாதது இது ஒன்றுதான். அப்புறம் நான் மதுரைக்காரன் என்பதால் ஒரு கணக்கு ஓடியது, இங்கே 1632இல் வேலை தொடங்கிக் கல் இழைத்துக்கொண்டிருந்தபோது, நம் திருமலை நாயக்கர் மஹால் 1636இல் எழுந்திருக்கிறது. ஒருத்தர் மக்ரானாப் பளிங்கு, ஒருத்தர் செங்கல்லும் சுண்ணாம்பும். நாயக்கர் மஹாலுக்கு நான் கடைசியாகப் போனது பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில். அதை இங்கே நினைத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

1 மணி 45 நிமிடத்தில் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரம் அனுமதி இருக்கிறது. ஏன் அவசரம் என்றால், பளிங்குக் கடை. அங்கே 1 மணி 20 நிமிடம். தாஜ் கட்டியவர்களின் வம்சம் என்று ஒருவரைக் காட்டுவார்கள், சாணைக்கல்லைச் சுற்றிக் கல்லைத் தேய்த்துக் காட்டுவார், டீ கொடுப்பார்கள், கதவை மூடி விளக்கை அணைத்து ஒரு மேஜை மேல் விளக்குப் போடுவார்கள். மேனேஜர் அந்த நேரம் முழுக்கக் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், என்ன ஏற்பாடு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேட்டா என்கிற ஆக்ரா இனிப்பு விற்கிற கடையைக் குறை சொல்ல மாட்டேன், அது எல்லோரும் கேட்டுப் போனது, நம் காசி அல்வாவுக்குப் பங்காளி, அதே வெண்பூசணி.

மறுநாள் காலை ஆக்ரா கோட்டை. அக்பர் கட்டியது, பாதிக்கு மேல் ராணுவத்திடம் இருக்கிறது, மிச்சத்தை 45 நிமிடத்தில் ஓடிப் பார்த்தோம். முசம்மன் புர்ஜ் என்கிற எண்கோண மாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1658இல் ஔரங்கசீப் அப்பாவை இங்கே அடைத்துவிட்டார், 1666இல் சாகும் வரை ஷாஜகான் அந்தப் பக்கத்திலிருந்துதான் தாஜ்மஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பனிமூட்டம், ஆற்று வளைவுக்கு அப்பால் பாலாடை மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு, அவ்வளவுதான் தெரிந்தது. பக்கத்தில் வரும்போது தெரிந்ததைவிட எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது.

ஃபதேபூர் சிக்ரியில் என்ன செய்தார்கள் தெரியுமா? டிக்கெட் இல்லாத பகுதியை மட்டும் காட்டினார்கள். 54 மீட்டர் உயரமான புலந்த் தர்வாசா வாசல், சலீம் சிஷ்டியின் தர்கா, முடிந்தது. இரண்டுமே பார்க்க வேண்டியவைதான், இல்லை என்று சொல்லவில்லை, தர்காவின் பளிங்குச் சல்லடைத் தட்டியைப் பார்த்தால் யாரோ கல்லில் கோலம் போட்டிருக்கிறார்கள் என்றே தோன்றும். ஆனால் அக்பர் 1571இலிருந்து பதினான்கு வருடம் குடியிருந்துவிட்டு விட்டுப் போன அரண்மனை பக்கத்து வாசலில் இருக்கிறது. ஒரு ஊர் அளவுக்கு. மேனேஜர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சமாதிக்குப் போர்த்தும் சாதர் துணி வாங்குங்கள், நூல் கட்டுங்கள் என்று பின்னாலேயே வரும் பையன்களிடமிருந்து தப்பிக்கிற சாக்கில், அம்மாவை மதுரைக்கார அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, டிக்கெட் வாங்கி ஓடினேன். இருபது நிமிடம் கிடைத்தது. திவானிகாஸில் நடுவில் ஒரே ஒரு தூண், மேலே போகப் போகத் தாமரை மாதிரி விரிந்து 36 தாங்கு கட்டைகள், அதற்கு மேல் ஒரு வட்ட மேடை, நாலு மூலையிலிருந்தும் அதற்குக் குறுகலான பாலங்கள். உள்ளே நானும் ஒரு புறாவும்தான். ஓடி வந்து பஸ் ஏறும்போது முப்பத்தைந்து பேரும் என்னை முறைத்தார்கள், நாலு நிமிடம் லேட்.

ஜெய்ப்பூரை ஒரே நாளில் முடித்தார்கள். ஆமேர் கோட்டைக்கு மேலே போக ஜீப்புக்குத் தனிக் காசு, முன்னால் சொல்லவில்லை. ஷீஷ் மஹால் என்கிற கண்ணாடி மாளிகையில் கூட்டம் நெருக்கியது. ஜல் மஹால் தண்ணீருக்கு நடுவில், யாருமே போக முடியாது, எனவே இங்கே யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சிட்டி பேலஸில் 345 கிலோ எடையுள்ள வெள்ளி அண்டாக்கள் இருக்கின்றன. 1902இல் மகாராஜா இரண்டாம் மாதோ சிங் லண்டனுக்குக் கங்கை ஜலம் கொண்டுபோனவை. எங்கள் மாஸ்டரைக் கூட்டி வந்து காட்டியிருக்க வேண்டும். ஹவா மஹாலை எதிர்ப்பக்க ரோட்டில் நின்று பார்த்தோம், அந்த 953 ஜன்னலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை சார், சும்மா முகப்புதான் என்றார் மேனேஜர். உள்ளே ஐந்து அடுக்கு இருக்கிறது, படிக்குப் பதில் சாய்தளத்தில் ஏறிப் போகலாம், அம்மா மாதிரி ஆட்களுக்கென்றே கட்டிய மாதிரி. எங்கள் நேரம் ராஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக் கடையில் 55 நிமிடமும், கல் நகைக் கடையில் 40 நிமிடமும் கரைந்தது.

ஜந்தர் மந்தர் என்கிற பழைய வானாய்வுக் கூடத்தில் மட்டும் அதிர்ஷ்டம். அங்கே வேறு வழியில்லாமல் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்தார்கள், அரைகுறை ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார். 27 மீட்டர் உயரத்துக்கு ஒரு சாய்ந்த சுவர், இரண்டு பக்கமும் வளைந்த மேடை, சுவரின் நிழல் மேடையில் விழும் இடம்தான் மணி. உலகத்திலேயே பெரிய கல் சூரியக் கடிகாரம். இரண்டு வினாடி வரை துல்லியம் என்றதும் நான் நம்பாத முகத்தோடு நின்றிருப்பேன் போல, குச்சியால் நிழலின் ஓரத்தைத் தொட்டுக் காட்டி, 'பத்து எண்ணுங்க' என்றார். எண்ணினேன். நிழல் ஒரு சுண்டுவிரல் அகலம் நகர்ந்திருந்தது. பூமி சுற்றுவதை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. என் கைக்கடிகாரத்துக்கும் அதற்கும் சுமார் 40 நிமிடம் வித்தியாசம் இருந்தது, தப்பு அதனுடையதில்லை, அது ஜெய்ப்பூர் வானத்துச் சூரியனைக் காட்டுகிறது, நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்து ரேகையைப் பார்த்து ஓடுகிறது, போதாததற்கு அந்த மாதத்தில் சூரியனே கொஞ்சம் பிந்தித்தான் உச்சிக்கு வரும். இதற்கு 25 நிமிடம். பஸ்ஸில் திரும்பி உட்கார்ந்ததும் மேனேஜர் ஹாரன் அடிக்கச் சொன்னார், இன்னும் மூன்று பேர் வரவில்லை, அவர்களும் எண்ணிக்கொண்டிருந்திருப்பார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: பணம் கட்டும் முன் ஒவ்வொரு இடத்துக்கும் கிழமையைப் பாருங்கள், தாஜுக்கு வெள்ளி விடுமுறை, செங்கோட்டைக்குத் திங்கள். 'நுழைவா, பார்வையிடலா' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தாஜில் 200 ரூபாய் சேர்த்தியா என்று கேளுங்கள். இந்தி தெரிந்த, கால் நன்றாக இருக்கிற இரண்டு மூன்று பேர் என்றால் டூரே வேண்டாம், டெல்லி ஆக்ரா இடையே ரயில் நிறைய இருக்கிறது. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இந்த மாதிரி டூரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா ஏழு மணி நேரக் கணக்கை எல்லாம் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் நாலு சிநேகிதிகள் கிடைத்தார்கள், வாட்ஸப் குரூப் ஆரம்பித்தாகிவிட்டது, அதில் தினமும் காலை வணக்கம் வருகிறது.

போன வாரம் அந்த நாலு பேரும் சேர்ந்து காசி, கயா, அயோத்திக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். அதே கம்பெனி. மாஸ்டர் வருகிறாரா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டார்களாம். நான் மேனேஜருக்குப் போன் போட்டு, 'தம்பி, கடைக்கு எவ்வளவு நேரம்?' என்று கேட்டேன். 'காசியில பட்டுக்கடை ஒண்ணே ஒண்ணுதான் சார்' என்றார். கேட்டுக்கொண்டே திட்டத்தில் இருந்த கிழமைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், அம்மா பின்னாலிருந்து, 'பட்டுக்கடைக்கு அரைநாள் விடச் சொல்லு' என்றார்.